ஜி-யிலிருந்து சி-க்கு: மூன்று வாரக் கணக்கு

மூன்று வாரமாக ஒரே மாற்றத்தைத்தான் பழகுகிறேன்: கிட்டாரில் ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு (கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி). தனித்தனியே பிடித்தால் இரண்டும் சுத்தமாக ஒலிக்கும். ஒன்றை விட்டு மற்றதற்குப் போகும்போது மட்டும் தாளம் அறுந்துவிடும்.

முதல் வாரம், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணினேன்: 14. வேகம் போதவில்லை என்று விரல்களை விரட்டினேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம், 16-ஐத் தாண்டவில்லை.

இரண்டாம் வாரம், மீட்டுவதை விட்டுவிட்டு இடது கையை மட்டும் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். சி பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் முதலில் இரண்டாம் தந்தியில் போய் உட்காருகிறது (கீழே இருக்கும் மெல்லிய தந்தி முதலாவது, மேலே இருக்கும் தடித்தது ஆறாவது). பிறகு நடுவிரல். மோதிர விரல் கடைசியாகத்தான் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் மூன்றாம் கட்டத்தை, தேடி வருகிறது. ஆனால் சி-யில் ஆறாம் தந்தியை விட்டுவிடுவதால், மேலிருந்து கீழே மீட்டும்போது வலது கை முதலில் தொடுவதே அந்த ஐந்தாம் தந்தியைத்தான்! முதலில் வேண்டிய விரலை இத்தனை நாளும் கடைசியில் அனுப்பியிருக்கிறேன். வரிசையைத் திருப்பிய அன்றே 22 வந்தது.

ஜி பிடிக்கும் முறையையும் மாற்றினேன். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் மோதிர விரல், ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் நடுவிரல், முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் சுண்டு விரல். இப்படிப் பிடித்தால் சி-க்குப் போக மோதிர விரலும் நடுவிரலும் அதே ஃபிரெட்டுகளில் ஒரு தந்தி கீழே இறங்கினால் போதும். இரண்டும் ஜோடியாகவே நகர்கின்றன. சுண்டு விரல் வலுப்பெற நான்கைந்து நாள் ஆனது. பொறுத்துக்கொள்ளலாம், அவ்வளவு பலன் இருக்கிறது.

மூன்றாம் வாரம் மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தேன். வலது கை எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பதே விதி. நான்காம் தட்டுக்குப் பின் வரும் மேல்மீட்டலிலேயே இடது கை விரல்களை எடுத்துவிடுகிறேன். அந்த அரைத் தட்டில் வெறும் தந்திகள் ஒலிக்கும். பதிவு செய்து கேட்டபோது அது காதை உறுத்தவே இல்லை. மூன்றாம் தந்தியின் ஜி சுரம் இரண்டு கார்டுகளுக்கும் பொது என்பதாலும் இருக்கலாம்.

நேற்று 38. மனம் நிறைந்துபோனது.

அடுத்தது ஜி-யிலிருந்து டி. அங்கே ஜோடி நகர்வு உதவாது. விரல்கள் கீழ் மூன்று தந்திகளுக்குப் போக வேண்டும். மீட்டல் விரல் வைக்காத நான்காம் தந்தியில் தொடங்குவதால், அதையடுத்த மூன்றாம் தந்திக்கு ஆள்காட்டி விரலை முதலில் அனுப்பிப் பார்க்கிறேன். இன்றைய எண்ணிக்கை 11.