கோட்டாவைத் துரத்திய ஆறு வருஷம்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஜவுளிக் கோட்டா. 1974இல் வந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தத்தின்படி, எந்த நாட்டிலிருந்து எந்த ரகத் துணி எவ்வளவு வரலாம் என்று பணக்கார நாடுகள் அளவு வைத்திருந்தன. சர்வதேச உறவுகள் படித்தவர்கள் இதை அரசுகளுக்கு நடுவில் நடந்த பேரமாகத்தான் பார்ப்போம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஜெனீவா போய் காட் (உலக வர்த்தக அமைப்புக்கு முன்பிருந்த வர்த்தக ஒப்பந்தம்) கால ஆவணங்களைப் பார்க்க நிதி கேட்டேன், கிடைக்கவில்லை. ஆறு மாதம் வீணாகப் போனபிறகுதான் அவற்றில் பெரும்பகுதி உலக வர்த்தக அமைப்பின் இணையதளத்திலேயே இலவசமாக இருப்பது தெரிந்தது. புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அங்கே என்னை உலுக்கியது நான்கு எண்கள். கோட்டாவைப் பத்து வருஷத்தில் படிப்படியாக எடுப்பதாக முடிவாகியிருந்தது. ஒப்பந்தப் பட்டியலில் இருந்த ஜவுளி இறக்குமதியில் 1995இல் 16 சதவீதம், 1998இல் 17, 2002இல் 18, மீதி 49 சதவீதம் 2005 ஜனவரி 1 அன்று ஒரே நாளில். எதை முதலில் விடுவிப்பது என்பதை இறக்குமதி செய்யும் நாடே தீர்மானிக்கலாம் என்பதால், கோட்டாவே இல்லாத சரக்குகளைக் கணக்குக் காட்டி முதல் கட்டத்தைப் பெரும்பாலும் கடத்திவிட்டார்கள். இதைப் பார்த்ததும் கோட்டா என்றால் நம் கையில் போட்ட விலங்கு என்று எழுதி முடித்தேன்.

சரி என்று திருப்பூருக்குப் போனால் யாருமே பேசவில்லை. பல்கலைக்கழகத்து நெறிமுறைக் குழு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லியிருந்தது, அந்தத் தாளை நீட்டினாலே வருமான வரி ஆளோ என்று பார்த்தார்கள். வாய்மொழி ஒப்புதல் போதும் என்று குழுவை ஒத்துக்கொள்ள வைக்கவே நான்கு மாதம் ஆனது.

அப்புறம் ஒரு பழைய ஏற்றுமதியாளர் சொன்னார்: "கோட்டா எங்களுக்குச் சொத்துங்க தம்பி. ஆர்டர் இல்லாத வருஷம் அதை வித்தே காலம் தள்ளியிருக்கோம். 2005 விடிஞ்சப்ப அது வெறும் காகிதமுங்க." முந்தைய ஏற்றுமதியை வைத்துக் கோட்டா ஒதுக்கியதால் பழைய ஆட்களிடம் அது சேர்ந்தது, புதிதாகப் பனியன் கம்பெனி தொடங்கியவர்கள் பலர் அவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். விலங்கு என்று நான் எழுதியதில் ஒருவருக்குச் சொத்தும் இன்னொருவருக்குச் செலவும் இருந்திருக்கிறது. மூன்றாம் இயலை முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன், நெறியாளருக்கு அதில் வருத்தம்தான்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: இதில் சர்வதேச உறவு எங்கே இருக்கிறது? அந்த 49 சதவீதத்தைக் காட்டினேன், அந்த ஒரு நாளுக்காகத் திருப்பூரில் யார் என்ன ஏற்பாடு செய்தார்கள், யாரால் முடியவில்லை என்று அரைமணி நேரம் பேசினேன்.

பவர் டேபிளில், அதாவது மின்சாரத்தில் ஓடும் தையல் இயந்திரங்களில், தைக்கும் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பேச முடிந்தது. அந்தப் பதினோரு பேட்டிகள் பின்னிணைப்பிலேயே நின்றுவிட்டன. இப்போது அவற்றைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.