66 கோடி எப்படி 210 கோடி ஆனது?

2015-ல் உலகத்தில் ஒழுங்கான குடிநீர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அந்த வருடமே வந்த கணக்கு சுமார் 66 கோடி என்றது. அதே 2015-க்கு 2017-ல் இன்னொரு கணக்கு வந்தது, 210 கோடி என்று. இரண்டையும் போட்டது ஒரே ஆட்கள்தான், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம். நடுவில் எந்தக் கிணறும் வற்றவில்லை, கேள்வியைத்தான் மாற்றினார்கள்.

2015-ஐக் கெடுவாக வைத்து ஐ.நா. வகுத்த மில்லினியம் இலக்குகள் காலத்தில் குழாய், அடிபம்பு, மூடிய கிணறு என்று ஏதாவது ஒன்றிலிருந்து தண்ணீர் எடுத்தால் போதும், பாஸ். அந்தக் கணக்குப்படிதான் குடிநீர் இலக்கை 2010-லேயே, கெடுவுக்கு ஐந்து வருடம் முன்பே, எட்டிவிட்டோம் என்று 2012-ல் அறிவித்துக் கைதட்டிக்கொண்டார்கள்.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்கள் என்று 1970-களில் யுனிசெஃப் உட்படப் பலர் உதவி செய்து ஊர் ஊராக அடிபம்பு போட்டார்கள். நல்ல எண்ணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்செனிக் என்ற நச்சு இருந்தது 1993-ல்தான் தெரியவந்தது. நிறத்திலோ ருசியிலோ தெரியாது. வருடக்கணக்கில் குடித்த பிறகு உள்ளங்கையும் பாதமும் தடித்து முடிச்சு முடிச்சாகும், சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகும். பம்புகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பு, ஆகிறதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டதால் உலகக் கணக்கிலும் வங்கதேசத்தின் பாஸ் எண்ணிக்கையில் ஆர்செனிக்குக்காகக் கொஞ்சம் கழித்தார்கள். சரி, சோதித்தே பார்க்காத நாட்டில் எதைக் கழிப்பது?

அடுத்து 2030-ஐக் கெடுவாக வைத்து ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகள் வந்தபோது இதைத்தான் திருத்தினார்கள். தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், அதில் மலக்கிருமியோ ஆர்செனிக், ஃபுளோரைடு மாதிரியான நச்சோ இருக்கக் கூடாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது யுனிசெஃபின் வீட்டுச் சர்வேயில் செய்கிற சோதனை. சர்வேக்காரர் வீட்டுக்குள் போய், "நீங்கள் வழக்கமாகக் குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவார். அதில் 100 மில்லியை வடிதாள் வழியாக இறக்கி, தாளை ஒரு சின்னத் தட்டில் வைத்து, இதமான சூட்டில் ஒரு நாள் விட்டால் ஈ.கோலை என்ற மலக்கிருமி இருக்கிற இடமெல்லாம் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும், எண்ண வேண்டியதுதான். 2019 சர்வேயில் வங்கதேசத்தில் இப்படி வாங்கிய டம்ளர்களில் ஐந்தில் நாலுக்கு மேல் கிருமி இருந்தது. தண்ணீர் எடுக்கும் இடத்தில் பார்த்தபோது அதில் ஏறக்குறைய பாதிதான். மீதி, குடத்திலும் டம்ளரிலும் கைபட்டும் சேர்ந்தது. எத்தனை பம்பு போட்டோம் என்று எண்ணிக்கொண்டே இருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

இலக்கை எட்டும் நேரத்தில் கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று ஏழை நாட்டு அதிகாரிகள் சலித்துக்கொள்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, இந்தக் கணக்கே மேல் என்பேன்.

பிரச்சினை, இந்த மாதிரி வீடு வீடாகப் போகிற வேலைக்கு யார் பணம் கொடுப்பது என்பது. பாலம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், சர்வேக்கு எதை வைப்பது? 1984-லிருந்து 90 நாடுகளில் மக்கள்தொகை, சுகாதாரச் சர்வேக்களுக்குத் துணை நின்ற அமெரிக்கத் திட்டத்தை 2025 தொடக்கத்தில் அந்த அரசே நிறுத்திவிட்டது. குடிநீர்க் கணக்குக்கும் அது ஒரு முக்கியமான ஊற்று. புதுத் தரவு வராவிட்டால், கடைசித் தரவு வரை தெரிந்த போக்கை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கணக்குப் போடுவார்கள், அப்புறம் நாலு வருடம் அதே எண்ணை அப்படியே வைத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் மதிப்பீடே கிடையாது. அப்படியென்றால் 2023-க்குப் பிறகு சர்வேயோ வேறு தரவோ எடுக்காத நாட்டுக்கு, கெடு முடிகிற 2030-ல் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.