ஆச்சியின் கொல்லம் கணக்கு

14 ஜூன் 2025
பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் நாலைந்து செப்புச் சக்கரம் (பழைய திருவிதாங்கூர் காசு), அடியில் ஜாதக நோட்டு. பிறப்பு: 1107 ஐப்பசி. அத்தை மகன் பார்த்துவிட்டு சோழர் காலமா என்கிறான். அன்று திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில் நாட்டில் எல்லாம் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள வருஷம். ஐப்பசி என்றால் 824 (வைகாசி என்றால் 825) கூட்ட வேண்டும், 1931 வரும். திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா முழு அதிகாரம் ஏற்றது அந்த நவம்பர் 6-ம் தேதி, அதுவும் ஐப்பசிதான்.

15 ஜூன்
ஆதாரில் 01-01-1936. அவர் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள்! படத்துக்குக் கீழே தோற்றம் 1107 ஐப்பசி, மறைவு 1200 வைகாசி என்றே போடச் சொல்லிவிட்டேன். ஸ்டுடியோக்காரர் இரண்டு தடவை ஃபோன் பண்ணிக் கேட்டார்.

19 ஜூன்
உலகப்போர் என்று ஆச்சி சொல்லிக் கேட்டதே இல்லை, ‘அரிசி கெடைக்காத வருசம்’ என்றுதான் சொல்வார். திருவிதாங்கூர் பெரும்பாலும் பர்மா அரிசியை நம்பியிருந்தது, 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் வரத்து நின்று ஊரே மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) மாறியது. ஆச்சிக்கு அப்போது பத்து வயது. பிறகு சாகும்வரை அவர் மரச்சீனியைத் தொடவில்லை, நாங்கள் அவித்த கிழங்கை மீன்சாறில் தொட்டுத் தின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘வேற ஒண்ணும் இல்லியாக்கும்’ என்பார்.

22 ஜூன்
இன்று உட்கார்ந்து பிள்ளைகளின் வருஷங்களை எழுதிப் பார்த்தேன். அத்தை 1953, அது திருவிதாங்கூர்-கொச்சி. மறு வருஷம் ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு, மார்த்தாண்டத்துக்குத் தேங்காய் வண்டியோடு போன தாத்தா மறுநாள்தான் வீடு வந்தாராம். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அப்பா 1958, மதராஸ் மாநிலம். சித்தப்பா 1969 மாசி, அந்தப் பொங்கலுக்குத்தான் தமிழ்நாடு என்று பெயர் மாறியிருந்தது. மூன்று பேருமே கோட்டாற்று வீட்டின் அதே பின்னறையில் பிறந்தவர்கள்.

சித்தப்பாவிடம் சொன்னதும் உடனே அத்தைக்கு ஃபோன். “நான் மட்டுந்தான் அசல் தமிழ்நாட்டுக்காரன், தெரியுமா?”

“போலே, நான் பொறக்கும்போ மகாராஜா இருந்தாரு.”