சாமுவேல்: கேட்டுப் பெற்ற பெயர்
பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தை ஒட்டிய தெருக்களில் சாமுவேல் என்று கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றதால் அன்னாள் தன் மகனுக்கு அப்பெயரை இட்டாள் என்கிறது வேதாகமத்தின் 1 சாமுவேல் 1:20. ஆனால் எபிரெயத்தில் ‘ஷெமுவேல்’ என்பதற்குத் ‘தேவனுடைய நாமம்’ என்ற பொருளே பொருத்தமாகப் படுகிறது. கேட்பதைக் குறிக்கும் ‘ஷாஅல்’ என்னும் வினையோ ‘ஷாவூல்’, அதாவது சவுல் என்ற பெயருக்குத்தான் நேராக ஒட்டுகிறது. அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தின் எபிரெய மூலத்தில் ‘ஷாவூல்’ என்ற அந்தச் சொல் எழுத்துப் பிசகாமல் நிற்கிறது. சாமுவேல் பின்னாளில் அபிஷேகம் செய்த முதல் ராஜாவின் பெயர் தாயின் வாயில் முன்னரே ஒலித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தமிழில் வாசிக்கும்போது இந்த ஒலி உறவு மறைந்துவிடுகிறதே என்று மனம் கிடந்து தவிக்கிறது. ஆயினும் பல வருடம் காத்திருந்து என் தகப்பனாரைப் பெற்று, அவருக்குச் சாமுவேல் என்று பெயரிட்ட எங்கள் ஆச்சியின் வேதாகமத்தில், 20ஆம் வசனத்தின் ‘கேட்டேன்’ என்ற சொல்லின் கீழே மட்டும் பென்சில் கோடு இரண்டு முறை அழுத்தி இழுக்கப்பட்டிருக்கிறது.