22 மில்லிமீற்றரில் ஒரு தென்மராட்சி ஸ்ரேசன்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதி ரயில் ஸ்ரேசன் ஒன்றின் 1:76 அளவிலான மாதிரியில் இதுவரை ஒரு மீற்றர் பாதையும் ஸ்ரேசன் கட்டடத்தின் கூரையும் முடிந்துள்ளன. எடுத்துக்கொண்டது 1990 யூனில் யாழ்ப்பாணக் கோச்சி (ரயில்) ஓட்டம் நிற்பதற்கு முந்திய தோற்றம். 2014இல் பாதை திரும்பி வந்தபோது கொங்கிறீற் சிலிப்பரும் (தண்டவாளத்தின் கீழ்க் குறுக்குக்கட்டை) விளக்குச் சிக்னலும் கூடவே வந்தன. பழைய தண்டவாளமும் மரச் சிலிப்பரும் போர்க்காலத்தில் பங்கர் கட்டப் போய்விட்டன. நேரில் அளக்க ஒன்றும் இல்லை. பழைய படங்கள்தான் துணை.

படத்தில் நம்பக்கூடிய அடிமட்டம் தண்டவாள இடைவெளி: 1676 மி.மீ., மாதிரியில் 22 மி.மீ. பாதை நீளத்துக்குப் பார்த்து எடுத்த படமாக இருக்கவேண்டும். கட்டடத்தின் பக்கச் சுவருக்கு நேரே வரும் சிலிப்பரில் இடைவெளியை அளக்க வேண்டும். அங்கே இடைவெளி 11 மி.மீ., சுவர் 24 மி.மீ. என்றால் உண்மையான சுவர் சுமார் 3657 மி.மீ., அதாவது 12 அடி. மாதிரியில் 48 மி.மீ. படத்தின் முன்பக்கத்தில் தெளிவாகத் தெரிகிறதே என்று அங்கே அளந்தால் கட்டடம் குள்ளமாகிவிடும். முதல் அட்டைச் சுவர் அப்படித்தான் வீணானது.

கடையில் வரும் 16.5 மி.மீ. மாதிரிப் பாதை இதற்குச் சரிவராது. 76ஆல் பெருக்கினால் 1254 மி.மீ.தான்; 42 சென்ரிமீற்றர் குறைகிறது. பார்த்த உடனே வேறு ஊர்ப் பாதை மாதிரி இருக்கும். 1902இல் காங்கேசன்துறை – சாவகச்சேரிப் பாதை குடாநாட்டுக்குள் தனியே ஓடத் தொடங்கி, 1905இல்தான் தெற்கோடு இணைந்தது. தனித்து ஓடிய நாளிலும் அது அகலப்பாதை. அந்த அகலத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

சிலிப்பருக்கு ஐஸ்பழக் குச்சி மிக நல்லது. 10 மி.மீ. அகலக் குச்சியை நீளத்துக்கு மூன்றாகப் பிளந்து, 36 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் ஒரு குச்சியில் ஒன்பது சிலிப்பர். 9 மி.மீ.க்கு ஒன்று வைத்தால் மீற்றருக்கு 13 குச்சி போதும். கத்தியை ஒரே அழுத்தில் இழுத்தால் அது மரநாரோடு ஓடிவிடும். இரும்பு அடிமட்டம் வைத்து நான்கைந்து தரம் மெதுவாகக் கீற வேண்டும். சாயத்துக்குக் கடும் தேயிலைச் சாயத்தில் ஒரு இரவு ஊறவிட்டு, காயவைத்து, இரும்புத் தும்பு இரண்டு நாள் கிடந்த வினாகிரியைப் பூச வேண்டும். வெயிலில் வெளுத்த கட்டையின் சாம்பல் கறுப்பு அப்படியே வரும். ஒட்டிய பிறகு பூசக்கூடாது: பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

தண்டவாளம் கடைப் பாதையிலிருந்து உருவி எடுத்தது. பித்தளைத் தகட்டில் 22 மி.மீ. இடைவிட்டு இரண்டு வெட்டுப் போட்டு, அதை அளவுகோலாக வைத்து ஒட்டியது. மூட்டில் அரை மி.மீ. விடவேண்டும். விடாமல் ஒட்டிய துண்டு ஒரு மத்தியான வெயிலில் நெளிந்து கிளம்பியது.

சல்லிக்கு அரிதட்டில் அரித்த மணல். கடற்கரை மணலென்றால் மூன்று நான்கு தண்ணீரில் கழுவவேண்டும், இல்லாவிட்டால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அதை ஒட்ட மரப்பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, கோப்பை கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசைநீர் முத்து முத்தாக நின்று மணலைக் குழிபறிக்கும்.

கூரை ஓட்டுக்கு மெல்லிய நெளி அட்டை, 5 மி.மீ. கீற்றுகளாக, ஒன்றின்மேல் ஒன்று 1 மி.மீ. ஏறும்படி, கீழிருந்து மேலாக. வார்னிஸ் பூசாமல் நீர்வர்ணம் தொட்டால் நெளி அமுங்கிவிடும்.

அடுத்தது கைகாட்டியும் மும்மொழிப் பெயர்ப்பலகையும்.