ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னுதான் இருந்துச்சு

அண்ணனுக்கு 47 வயசுல ஹார்ட் அட்டாக். ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு வந்துட்டார், இப்ப நல்லா நடமாடறார். அதுக்கப்புறம் என் ஹார்ட் எப்படி இருக்குன்னு பார்க்கப் போய் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே, அதுல பாதி தேவையே இல்லாதது. உங்க வீட்லயும் யாருக்காவது சின்ன வயசுல அட்டாக் வந்திருந்தா இதைப் படிச்சிட்டு அப்புறம் கிளம்புங்க.

மொதல்ல ஒரு முழு செக்கப் பண்ணேன். ரத்தம், ஈசிஜி எல்லாம் சீக்கிரமே முடிஞ்சுது. கடைசியா உட்கார்ந்திருந்த டாக்டர் வயசு, பிபி, கொலஸ்ட்ரால், சிகரெட் உண்டா இல்லையான்னு கம்ப்யூட்டர்ல தட்டிட்டு, "பத்து வருஷ ரிஸ்க் 2% தான், கவலைப்படாதீங்க"ன்னார். சார், எங்க அண்ணனுக்கு வந்திருக்கேன்னு சொன்னேன். அதைப் போட அதுல இடமே இல்லையாம். அண்ணனுக்கும் அட்டாக்குக்கு ரெண்டு மாசம் முன்னாடி எடுத்த ஈசிஜி நார்மல்தான், சும்மா படுத்திருக்கும்போது எடுக்கற ஈசிஜில அடைப்பு தெரியாமலே போகலாம், அதை யாரும் எங்களுக்குச் சொல்லல.

மனசு கேக்கல, ஒரு கார்டியாலஜிஸ்ட் கிட்ட போனேன். அவர் கேட்ட மொத கேள்வியே "அண்ணனோட டிஸ்சார்ஜ் சம்மரி எங்க?" கொண்டு போகல. அட்டாக்னு வீட்ல சொல்றது உண்மையிலேயே ரத்தக்குழாய் அடைப்பா, வால்வு பிரச்சனையா, வேற ஏதாவதான்னு பேப்பர் பார்த்தாத்தான் தெரியும்னார், நியாயம்தான். வீட்ல தேடினா பில் கத்தை மட்டும் இருக்கு, சம்மரி காணோம். அண்ணன் இருந்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்குப் போனா அங்க இருந்தவர் நிமிர்ந்து கூடப் பார்க்கல, பேஷண்ட் நேர்ல வரணும் இல்லன்னா கையெழுத்து போட்ட லெட்டர் வேணும்னுட்டார். மறுநாள் லெட்டரோட போனேன், பேஷண்ட் அடையாள அட்டை காப்பி எங்கன்னார். அதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல? மூணாவது நாள்தான் கைக்கு வந்துச்சு. அதனால டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கே சம்மரியையும் ஆஞ்சியோ சிடியையும் போன்ல போட்டோ, காப்பின்னு எடுத்து வெச்சிடுங்க.

ரெண்டாவது விசிட்ல அந்த கார்டியாலஜிஸ்ட் இடுப்பளவு பார்க்க அவரே டேப் எடுத்தார். நான் பெல்ட் போடற இடத்துல பிடிச்சேன், அங்க இல்லைன்னு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டதும் அளந்தார். 94 செ.மீ. தெற்காசியாக்காரங்களுக்கு ஆம்பளைங்கன்னா 90, பொம்பளைங்கன்னா 80, அதைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். என் பிஎம்ஐ, அதான் உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, 24, அதுவும் ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கு, ஆனா ஆசியாக்காரங்களுக்கு 23லயே ரிஸ்க் ஆரம்பிச்சிடுது. எடை கம்மியா தெரிஞ்சாலும் வயித்துல கொழுப்பு சேர்ற உடம்புவாகு நமக்குன்னார்.

52 நாட்டுல நடந்த இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆய்வுல நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மொத அட்டாக் சராசரி 53 வயசுல வந்திருக்கு, மத்த இடங்கள்ல கிட்டத்தட்ட 59. அந்த ரிஸ்க் கணக்கெல்லாம் 1948ல அமெரிக்காவுல ஃப்ரேமிங்ஹாம்ல ஆரம்பிச்ச ஆய்வு வழியில வந்தது, அங்க இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, நமக்கு அது குறைச்சுக் காட்டலாம்னு சொன்னார். அப்பா, அண்ணன் தம்பிக்கு 55க்குள்ளயோ, அம்மா, அக்கா தங்கைக்கு 65க்குள்ளயோ வந்திருந்தா அந்தக் கணக்கோட நிறுத்தக் கூடாதாம்.

எனக்கு நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு, அப்ப இது எங்க ரத்தத்துலயே இருக்கா, தப்பிக்கவே முடியாதான்னு கேட்டுட்டேன். அவர் பொறுமையா பின்லாந்து கதை சொன்னார். கிழக்குல வட கரேலியான்னு ஒரு பகுதி, ஆம்பளைங்க இதய நோய்ல சாகறதுல உலகத்துலயே ரொம்ப மோசமா இருந்த இடம். 1972ல ஊரே சேர்ந்து புகை, கொழுப்பு, பிபி மூணையும் குறைக்க ஆரம்பிச்சாங்க, பிற்பாடு உழைக்கற வயசு ஆம்பளைங்க இதய நோய்ல சாகறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. அதே மக்கள்தான், அதே ரத்தம்தான். அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

லைப்போபுரோட்டீன் (a)ன்னு ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்தார், பரம்பரையா வர்ற கொழுப்பு, வாழ்க்கையில ஒரு தடவை பார்த்தா பெரும்பாலும் போதும். லேப்ல என்ன பண்ணாங்க தெரியுமா, அதை லிப்பிட் ப்ரொஃபைல்னு நினைச்சு பழைய கொலஸ்ட்ரால் டெஸ்ட்டையே மறுபடி எடுத்துட்டாங்க. ரிப்போர்ட் வாங்கிட்டு டாக்டர் முன்னாடி உட்கார்ந்தப்புறம்தான் தெரியுது, அந்த ஒரு நாளும் வீண். ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே ரசீதுல டெஸ்ட் பேரைப் படிச்சுப் பாருங்க, சாதாரண லிப்பிட் ப்ரொஃபைல்ல இது வராது.

மறுபடி எடுத்ததுல 96 mg/dL வந்துச்சு, 50 mg/dLக்கு மேல இருந்தாலே அதிகம். அந்த 2% பேப்பரையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு நம்பவே முடியல. கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டாட்டின் மாத்திரை ஆரம்பிச்சாச்சு, இடுப்பு இப்ப 91.

அண்ணன் பொண்ணுக்கு 20 வயசு. அவளுக்கும் அந்த டெஸ்ட் எடுக்க வர்ற சனிக்கிழமை போறோம், அண்ணியும் நானும் பேப்பர் எல்லாத்தையும் இப்பவே ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுட்டோம்.