நடுச்சுவரில் ஏறும் உப்பு

ராமநாதபுரம் கடலோரத்தில் வேலையாட்களின் பழைய வரிசை வீட்டைப் பழுதுபார்க்கப் போகிறவர் முதலில் உப்பைத்தான் பார்க்க வேண்டும். பவளப்பாறையில் வெட்டிய பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் நிலத்து ஓதத்தை, அதாவது ஈரக்கசிவை, உறிஞ்சும். ஈரம் காரை என்ற சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும், உப்பு காரையிலேயே பூத்துத் தங்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை காரை பொரிந்து உதிர்வது நல்லதுக்குத்தான். அது உதிர்வதால்தான் கல் தப்பிக்கிறது.

சிமெண்ட் வந்தால் கதை மாறும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. ஒருவர் தன் பக்கம் சிமெண்ட் பூசிப் பெயிண்டும் அடித்தால், அடைபட்ட ஓதம் மேலே ஏறும், அடுத்த வீட்டுப் பக்கமும் தள்ளும். முழங்கால் உயரக் கறை இடுப்புக்கு வந்துவிடும். "என் பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்பார் பூசியவர். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும். உள்ளே கல் மாவாகக் கிடக்கும். இரு பக்கமும் உரிக்கச் சம்மதம் வாங்காமல் வேலையில் இறங்கக் கூடாது.

உரித்ததும் இடுக்குச் சாந்தை ஓர் அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பும். பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் கூழாக்கி அப்பினால், காயும்போது உப்பை வெளியே இழுக்கும். இரண்டு மூன்று முறை அப்பிப் பெயர்த்து எறியலாம்.

காரைக்கு, சில வாரம் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த ஆற்று மணல் 3 பங்கு. கடல் மணல் ஆகவே ஆகாது. கடுக்காய், கருப்பட்டி ஊறல் கொத்தனாரின் கைப்பக்குவம். கவனிக்காமல் விடுவது தண்ணீரை. கரிக்கும் போர் தண்ணீரில் குழைத்தால், எடுத்த உப்பை நாமே திருப்பி வைத்த மாதிரி. ஊருணித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, செலவை மதிப்பீட்டிலேயே போட்டுவிட வேண்டும்.

ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் பூசினால் மேல்பரப்பு சட்டென்று காய்ந்து மயிரிழையாக வெடிக்கும்; நனைத்த சாக்கைத் தொங்கவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு இறுகாது. தை பிறந்து தொடங்குவது உத்தமம்.

மாவான கல்லுக்குப் பதில் பவளக்கல் கிடைக்காது. பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கிறது. நன்றாக வெந்த செங்கல்லை அதே சுண்ணாம்புச் சாந்தில் வைத்து அடைக்கலாம்.